ஒரே பெயர், வேறு வேறு முதலாளி

கேள்வி: கனடாவின் இம்பீரியல் டொபாக்கோவும் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து இம்பீரியலும் ஒரே கம்பெனிதானே?

பதில்: இல்லை. கனடா கம்பெனி பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்கு (பிஏடி) சொந்தம். பிரிஸ்டல் கம்பெனி இன்று இம்பீரியல் பிராண்ட்ஸ் என்ற தனி நிறுவனம்.

1901-இல் அமெரிக்கன் டொபாக்கோவின் ஜேம்ஸ் டியூக், லிவர்பூலின் ஆக்டன்ஸ் கம்பெனியை விலைக்கு வாங்கி பிரிட்டிஷ் சந்தைக்குள் நுழைந்தார். அவரைத் தடுக்க 13 பிரிட்டிஷ் கம்பெனிகள் வில்ஸ் குடும்பத்தின் தலைமையில் சேர்ந்து இம்பீரியல் டொபாக்கோவை அமைத்தன. விலைப்போர் இரு தரப்பையும் கடித்தது. 1902 செப்டம்பரில் சமரசம்: பிரிட்டனும் அயர்லாந்தும் இம்பீரியலுக்கு, அமெரிக்காவும் கியூபாவும் டியூக்குக்கு, மற்ற நாடுகளுக்கு இருவரும் கூட்டாகத் தொடங்கிய பிஏடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு டியூக் தரப்புடையது. யாரையும் கேட்காமல் உலகத்தையே கூறுபோட்ட ஒப்பந்தம் அது. கல்கத்தாவில் 1910-இல் பதிவான இம்பீரியல் டொபாக்கோவும் (இன்றைய ஐடிசி) பிஏடி வழி வந்ததுதான்.

பிராண்டுகளின் வெளிநாட்டு உரிமையும் பிஏடிக்குப் போனதால், பிளேயர்ஸ் என்ற சிகரெட் பிராண்டு பிரிட்டனில் இம்பீரியலுடையது, கனடாவில் பிஏடியுடையது. பழைய சிகரெட் பெட்டிகளைச் சேகரிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பெயரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எந்த நாட்டில் விற்றது என்று முதலில் பாருங்கள், பிறகு ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: டியூக்குக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்தது?

பதில்: சிகரெட் செய்யும் பான்சாக் எந்திரத்திலிருந்து. 1881-இல் காப்புரிமை பெற்ற அது, காகிதம் சுற்றிய நீண்ட புகையிலைக் குழலை இடைவிடாமல் ஓடவிட்டு, சுழலும் கத்தியால் துண்டு போடும். 10 மணி நேரத்தில் சுமார் 1,20,000 சிகரெட். ஆனால் அடிக்கடி பழுதாகி நின்றுவிடும். போட்டியாளர்கள் தயங்கியபோது, டியூக் மெக்கானிக்கை உட்காரவைத்துச் சரிசெய்தார். மற்றவர்களைவிடக் குறைந்த உரிமைத்தொகைக்கும் பேசி முடித்தார். 1890-இல் ஐந்து பெரிய சிகரெட் கம்பெனிகளை இணைத்து அமெரிக்கன் டொபாக்கோவை உருவாக்கினார்.

கேள்வி: பிஏடி அமெரிக்கர் கையிலிருந்து எப்படிப் போனது?

பதில்: 1911 மே 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டியூக்கின் அமெரிக்கன் டொபாக்கோ கூட்டமைப்பு ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. அது பல கம்பெனிகளாக உடைந்தது, பிஏடி பங்குகளையும் கைவிட வேண்டியதாயிற்று. பெரும்பகுதி பிரிட்டிஷ் முதலீட்டாளர்களிடம் போனது. 1927-இல் பிரவுன் அண்டு வில்லியம்சன் என்ற அமெரிக்கக் கம்பெனியை வாங்கிய பிஏடி, 1994-இல் அமெரிக்கன் டொபாக்கோவையே வாங்கிவிட்டது. லக்கி ஸ்டிரைக் சிகரெட்டின் அமெரிக்க உரிமை அப்போதுதான் பிஏடிக்கு வந்தது.