டென்னிஸ் எல்போவுக்கு பி.ஆர்.பி. ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. தையல் தொழில் செய்கிறேன். வலது முழங்கையின் வெளிப்புறத்தில் எட்டு மாதமாக வலி. துணி வெட்டும் கத்தரியைப் பிடித்தாலே சுரீர் என்கிறது. டென்னிஸ் எல்போ என்று சொல்லி இரண்டு முறை ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மாதம் சுகமாக இருந்துவிட்டு வலி திரும்பிவிட்டது. இப்போது என் ரத்தத்தையே எடுத்துப் பிரித்து ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. சிகிச்சை செய்யலாம் என்கிறார் மருத்துவர். பலன் கிடைக்குமா? முழங்கால் ஜவ்வு அறுந்துபோன என் தங்கைக்கும் இந்த ஊசி உதவுமா?

பதில்: மூன்றாவது ஸ்டீராய்டு ஊசி வேண்டவே வேண்டாம். பி.ஆர்.பி. ஊசியால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு அதன் பலனுக்குச் சான்று இல்லை. முறையான பயிற்சியை மூன்று மாதம் விடாமல் செய்தீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. செய்யவில்லை என்றால் ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைத் தொடங்குங்கள்.

வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கத்தரியை அழுத்தும்போது விரல்கள் மூடுகின்றன. அந்த நேரத்தில் மணிக்கட்டு கீழே மடங்கிவிடாமல் இழுத்து நிறுத்துபவை முன்கையின் பின்புறத் தசைகள். அவை முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் ஒரு பொதுவான தசைநாணாகச் சேர்கின்றன. நாள் முழுக்க வெட்டினால் சுமை முழுவதும் அந்தச் சிறிய இடத்தில்தான் விழும். மாதக்கணக்கில் நீடித்த வலியில் அங்கே அழற்சி பெரிதாக இருப்பதில்லை. ஒழுங்காக முறுக்கிய கயிறு பிரிந்ததுபோல, கொலாஜன் இழைகள் வரிசை குலைந்து கிடக்கின்றன. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு அந்த இழைகளைச் சீராக்காது.

நெதர்லாந்தில் 185 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு உங்கள் அனுபவத்தை அப்படியே காட்டுகிறது. ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு போட்டவர்களில் 92 சதவீதத்தினர் நலமாக இருந்தார்கள். ஓராண்டு முடிவில் அது 69 சதவீதமாக இறங்கியது. பிசியோதெரபி எடுத்தவர்களில் 91 சதவீதத்தினரும், ஊசியோ பிசியோதெரபியோ இல்லாமல் காத்திருந்தவர்களில் 83 சதவீதத்தினரும் ஓராண்டில் தேறியிருந்தார்கள். சும்மா இருந்தவர்களைவிட ஊசி போட்டவர்கள் பின்தங்கிவிட்டார்கள். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பி.ஆர்.பி.யை எடைபோடவும் இவை தேவைப்படும்.

பி.ஆர்.பி. என்பது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி). கையிலிருந்து 15 முதல் 60 மில்லி வரை ரத்தம் எடுத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சில நிமிடங்கள் சுழற்றுவார்கள். குழாயை வெளியே எடுத்தால் அடியில் அடர்சிவப்பு, மேலே வைக்கோல் நிறம், இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெண்படலம். தட்டணுக்கள் அந்தப் படலத்திலும் அதை ஒட்டிய பிளாஸ்மாவிலும் திரண்டிருக்கும். அதை உறிஞ்சி எடுத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே பழுதான இடத்தில் செலுத்துவார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இயல்பாக ஒன்றரை முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருக்கும். ஊசியில் அதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு வரை இருக்கலாம். காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து ஆற்றும் வேலையைத் தொடங்கிவைக்கின்றன. ரத்த ஓட்டம் குறைந்த தசைநாணில் அதையே செயற்கையாகத் தூண்டலாம் என்பதுதான் யோசனை. யோசனை நல்லதுதான். அதனால்தான் மருத்துவர்களும் விளையாட்டு வீரர்களும் இதை இவ்வளவு ஆவலோடு வரவேற்றார்கள்.

2010-இல், அதே நெதர்லாந்தில் 100 டென்னிஸ் எல்போ நோயாளிகளிடம் பி.ஆர்.பி.யையும் ஸ்டீராய்டையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டில் பி.ஆர்.பி. பெற்றவர்களில் 73 சதவீதத்தினருக்கு வலி குறைந்திருந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் சுமார் பாதிப்பேருக்குத்தான். இந்த ஆய்வு இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் எதை வென்றது என்று பாருங்கள். ஓராண்டுக் கணக்கில் சும்மா இருப்பதிடமே தோற்கும் மருந்தைத்தான் வென்றிருக்கிறது. அப்படிப்பட்ட வெற்றியை வைத்து ஒரு சிகிச்சையைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. நியாயமான போட்டி என்றால், எது மருந்து எது போலி என்று நோயாளிக்குத் தெரியாமல் போலி ஊசியோடு ஒப்பிட வேண்டும். டென்னிஸ் எல்போ குறித்த ஆய்வுகளைத் திரட்டி அலசிய காக்ரேன் என்ற பன்னாட்டு ஆய்வாளர் குழு, போலி ஊசியைவிட பி.ஆர்.பி. நோயாளி உணரும் அளவுக்கு மேலான பலன் தருவதாகத் தெரியவில்லை என்று 2021-இல் முடிவு சொன்னது. குதிகால் நாணின் நாள்பட்ட வலியிலும் அதே கதைதான். அதே ஆண்டு வெளியான, 240 பேர் பங்கேற்ற ஆய்வில் ஆறு மாதத்தில் போலி ஊசிக்கும் பி.ஆர்.பி.க்கும் வேறுபாடு இல்லை.

ஒவ்வொரு இடத்திலும் தயாரிப்பு முறை வேறு, தட்டணு அளவு வேறு, வெள்ளணுக்களைச் சேர்ப்பதா நீக்குவதா என்பதும் வேறு. அதனால் சரியான கலவை எதிர்காலத்தில் கிடைக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் உங்கள் முழங்கைக்கு வழி இப்போதே வேண்டுமே.

அந்த வழி பயிற்சிதான். மேசையில் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை மட்டும் விளிம்புக்கு வெளியே விடுங்கள். ஒரு கிலோ எடையோ தண்ணீர் நிரப்பிய லிட்டர் பாட்டிலோ கையில் இருக்கட்டும். இடது கையால் தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் ஐந்து எண்ணும்வரை மெல்ல இறக்குங்கள். பதினைந்து முறை செய்துவிட்டு ஓய்வு. இப்படி மூன்று சுற்று, தினமும். இறக்கும்போது கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு நான்கு என்ற அளவுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். மறுநாளும் கூடுதலாக வலித்தால் எடையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். சுலபமாகிவிட்டால் அரைக் கிலோ கூட்டுங்கள். இந்த அசைவே தாங்கவில்லை என்றால் முதல் இரண்டு வாரம் எடையை அசைக்காமல் நேராகப் பிடித்து 30 முதல் 45 விநாடி நிறுத்துங்கள். தசைநாண் மெதுவாக மாறும் திசு. பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். நான்காவது வாரத்தில் பெரும்பாலானவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பிடிவாதம் வேண்டும்.

கத்தரியைச் சாணை பிடித்துக்கொள்ளுங்கள். மழுங்கிய கத்தரிக்குத் தேவைப்படும் கூடுதல் அழுத்தம் முழுவதும் அந்த நாணுக்குத்தான் போகும். துணியை ஒரே நேரத்தில் பல அடுக்கு வைத்து வெட்டாதீர்கள். கனமான எதையும் முழங்கையை உடலோடு ஒட்டி, உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்குங்கள். விரல்களில் மரத்துப்போதலோ கழுத்திலிருந்து இறங்கும் வலியோ இருந்தால் பிரச்சினை நரம்பில் இருக்கலாம். அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலி குறையவில்லை என்றால், அறுவை சிகிச்சைக்கு முன் பி.ஆர்.பி.யை ஒருமுறை முயன்று பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். தட்டணு எண்ணிக்கை பார்த்தார்களா, அல்ட்ராசவுண்டில் பார்த்துப் போடுவார்களா என்று கேளுங்கள். இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஊசிக்குப் பிறகு சில நாள் வலி கூடும். அதற்கு பாரசிட்டமால் போதும். காய்ச்சலோடு அந்த இடம் சிவந்து சூடேறினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி போட்ட பிறகும் அந்தப் பாட்டில் பயிற்சியை மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடி தொடங்கியாக வேண்டும்.

இனி தங்கை. ஜவ்வு என்று பொதுவாகச் சொல்வது, மூட்டில் எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரை. முழங்காலின் நடுவே உள்ள முன்சிலுவைத் தசைநார் முழுவதும் அறுந்திருந்தால், அந்த இரு முனைகளையும் எந்த ஊசியும் இணைக்காது. மூட்டுத் திரவத்தில் நனைந்துகொண்டே இருக்கும் இடம் அது. ஆறுவதற்குத் தேவையான ரத்தக்கட்டி அங்கே தங்காது. அதற்காக உடனே அறுவை சிகிச்சை என்றும் பதற வேண்டாம். சுவீடனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், பயிற்சியை முதலில் தொடங்கிய 59 இளைஞர்களில் 36 பேருக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தத் தசைநாரைச் சீரமைக்கும் அறுவை தேவைப்படவில்லை. மூட்டின் உட்பக்க ஓரத்தில் உள்ள தசைநார்தான் கிழிந்தது என்றால் நிலைமை இன்னும் நல்லது. அது பெரும்பாலும் முழங்காலில் அணியும் பட்டையும் பயிற்சியும் கொண்டே ஆறிவிடும். ஆகவே எது கிழிந்தது, முழுதாகவா பாதியா என்பதை எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள். திடீரெனத் திரும்பும்போது கால் நழுவுகிறதா, படி இறங்கும்போது நம்பிக்கையில்லாமல் இருக்கிறதா என்பதையும் தங்கை ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டு போகட்டும்.