கிழமை மறந்துபோவது புத்திக் கோளாறா?

வீட்டிலிருந்தே வேலை, அறையில் தனி ஆள், இன்று செவ்வாயா வியாழனா என்றே தெரிவதில்லை, புத்தி பேதலிக்கிறதோ என்று பயப்படுகிறீர்கள். அப்படியெல்லாம் உடனே முடிவு கட்டாதீர்கள் நண்பரே.

1962-இல் மிஷெல் சீஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர், ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14 அன்று வெளியே வந்தபோது, அவர் கணக்கில் ஆகஸ்ட் 20தான்! நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணுவதாக நினைத்து எண்ணினார். ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. இத்தனைக்கும் தெளிவான மனிதர்.

உங்கள் கைபேசி மணி காட்டும், சரி. ஆனால் ஒரு நாளை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்ட ஏதாவது வேண்டுமே? காலை வெயிலில் டீக்கடை வரை நடங்கள். செவ்வாய் சந்தை, சனி நூலகம் என்று வையுங்கள். தூக்கமோ பசியோ கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.