நாக்அவுட் ஆன பாக்சர் எப்படி மீண்டு வருகிறார்?

செங்கோட்டையில் பயிற்சி எடுக்கும் தம்பி நாக்அவுட் ஆகிவிட்டான், மறுபடி எப்போது இறங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரமே வேண்டாம். தாடையில் விழும் அடி தலையைச் சட்டெனத் திருப்ப, மண்டைக்குள் மூளை குலுங்கிவிடுகிறது. தலைவலி கூடினாலோ வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. முதல் 2 நாள் ஓய்வு, அப்புறம் மெல்ல நடை, ஓட்டம். அமெச்சூர் விதிப்படி குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கூடாது. ஆறாத மூளையில் இன்னொரு அடி உயிரையே பறிக்கலாம். களியக்காவிளைப் பக்கம் மறுவாரமே கிளவுஸ் மாட்டிய பையன்களைப் பார்த்துப் பதறியிருக்கிறேன்.

மனசு ஆறத்தான் நாளாகும். அடி வருமுன்னே உடம்பு பின்வாங்கும். தோற்ற வீடியோவைக் கோச்சோடு உட்கார்ந்து பார்த்து, முகத்தைக் காக்கும் கை எங்கே இறங்கியது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 2001 ஏப்ரலில் ஹசிம் ரஹ்மானிடம் நாக்அவுட் ஆகி விழுந்த உலக ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ், நவம்பரில் அவரையே நான்காம் ரவுண்டில் வீழ்த்தினார்.