எந்த வெளிச்சத்தில் அளந்தது?

கேள்வி: ஐயா, இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஈவென்ட் கேமரா வாங்கப் போகிறோம். ஒரு டேட்டாஷீட்டில் 'டைனமிக் ரேஞ்ச் 120 டெசிபல்' என்றும், இன்னொன்றில் 'நொடிக்கு 10,000 ஃபிரேமுக்குச் சமம்' என்றும் போட்டிருக்கிறது. எது தேவலை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பொறியியல் மாணவி, கோவை

பதில்: அந்த 'ஃபிரேமுக்குச் சமம்' வரியை முதலில் அடித்துவிடுங்கள். ஃபிரேமே எடுக்காத கேமராவுக்கு ஃபிரேம் கணக்கு எதற்கு? மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: இந்தக் கேமராவில் ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியாக வேலை செய்யும். தன்மேல் விழும் வெளிச்சம் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோதான் 'ஈவென்ட்' அனுப்பும். இல்லையென்றால் வாயே திறக்காது. சாதாரணக் கேமராக்களை அளக்க ஈ.எம்.வி.ஏ. 1288 என்ற தரவிதி உண்டு. அது பிக்சலின் கிரே லெவலை (எவ்வளவு வெளிச்சம் என்று பிக்சல் சொல்லும் எண்ணை) வைத்து நாய்ஸை, அதாவது வேண்டாத தடுமாற்றத்தைக் கணக்கிடுகிறது. இங்கேதான் கிரே லெவலே கிடையாதே!

அதனால் டேட்டாஷீட்டை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். கேமராவை இரண்டு நாள் கடன் கேளுங்கள். வெள்ளை எல்.இ.டி. ஒன்றை டி.சி.யில் எரியவிட்டு, அதன்மேல் ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து சில ஹெர்ட்ஸ் சைன் அலையைச் சின்னதாக ஏற்றுங்கள். முன்னால் ஒரு பால்வெள்ளை அக்ரிலிக் தகடு. ஏற்ற இறக்கத்தைச் சில சதவீதத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் எத்தனை பிக்சல்கள் பதில் தருகின்றன என்று வரைந்தால் 'எஸ்' வடிவில் ஒரு கோடு கிடைக்கும். பாதிப் பிக்சல்கள் விழித்துக்கொள்ளும் இடம்தான் த்ரெஷோல்ட், அதாவது ஈவென்ட் அனுப்பத் தேவையான குறைந்தபட்ச மாற்றம். கோடு விறுவிறுவென ஏறினால் பிக்சல்கள் ஒன்றுபோல் இருக்கின்றன. படுத்தபடி ஏறினால் ஆளுக்கொரு விதம், கூடவே நாய்ஸும். வெளிச்சம் கூடும்போது ஒரு கோடு, குறையும்போது ஒரு கோடு என்று தனித்தனியாகப் போடுங்கள். இரண்டும் அபூர்வமாகத்தான் ஒத்துப்போகும். சதவீதம் என்றால் உச்சிக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியா, சராசரிக்கு மேலே உள்ளது மட்டுமா? எழுதி வையுங்கள். இரண்டு மடங்கு தகராறு இங்கேதான் கிளம்பும்.

நாய்ஸை இரண்டு தரம் எடுக்க வேண்டும். லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டில் ஒரு தரம். அசையாத வெள்ளைப் பரப்பைப் பிரகாசமாகக் காட்டி ஒரு தரம். இருட்டில் வருவது ஷாட் நாய்ஸ், அதாவது மின்னோட்டத்தின் இயல்பான தடுமாற்றம். பிரகாசத்தில் வருவது பிக்சலுக்குள் மின்கசிவால் எழும் வெற்று ஈவென்ட். பெரும்பாலும் 'கூடியது' என்றே பொய் சொல்லும், சூடேறினால் இன்னும் பெருகும். அதனால் கேமராவை நன்றாகச் சூடேற விட்ட பிறகே எண்ணுங்கள்.

இப்போது தாமதம், அதாவது வெளிச்சம் மாறியதிலிருந்து ஈவென்ட் வரும்வரை ஆகும் நேரம். லிஷ்ட்ஸ்டைனர், போஷ், டெல்புரூக் மூவரும் 2008-ல் வெளியிட்ட 128-க்கு 128 பிக்சல் சென்சாரின் கட்டுரைத் தலைப்பிலேயே 120 டெசிபலும் 15 மைக்ரோவிநாடியும் உண்டு. 120 டெசிபல் என்றால் பத்து லட்சம் மடங்கு வெளிச்ச வீச்சு. அதன் இரு முனையிலும் அதே 15 மைக்ரோவிநாடி கிடைக்காது. மங்கலில் பிக்சலின் மின்னோட்டம் சுருங்கி, தாமதம் மில்லிவிநாடிக்குப் போய்விடும். எனவே 1000, 100, 10, 1 லக்ஸ் என்று இறக்கி இறக்கி அளந்து, சராசரியோடு சிதறலையும் குறியுங்கள். டைம்ஸ்டாம்ப் (ஈவென்ட்டின் மேல் குத்தும் நேர முத்திரை) ஒரு மைக்ரோவிநாடித் துல்லியம் என்பது வேறு சங்கதி. தாமதமாக வந்ததற்கும் துல்லியமாக முத்திரை குத்தலாம்.

தாமதம் அளக்க எல்.இ.டி.யைச் சட்டென்று எரியவைத்து முழு சென்சாரையும் நனைத்தால் அளவு கெடும். 2020-ல் புரொஃபெசியும் சோனியும் அறிவித்த சென்சாரில் 1280-க்கு 720, அதாவது 9,21,600 பிக்சல்கள். நொடிக்கு 106.6 கோடி ஈவென்ட் வெளியேற்றும் சென்சார் அது. எல்லாப் பிக்சலும் ஆளுக்கு ஓர் ஈவென்ட் அனுப்பினாலே வரிசை தீர ஏறக்குறைய 0.86 மில்லிவிநாடி ஆகும். பிக்சலின் வேகம் வேண்டுமானால் சிறு புள்ளியில் மட்டும் ஒளி பாய்ச்சுங்கள். நெரிசல் எப்படி என்று பார்க்கத்தான் முழுப்பரப்பு.

பயாஸ் அமைப்பை (பிக்சலின் உணர்திறனையும் வேகத்தையும் மாற்றும் உள் அமைப்பை) இடையில் தொட்டுவிடாதீர்கள். ஒன்றை வைத்துத் த்ரெஷோல்டையும் வேறொன்றை வைத்து நாய்ஸையும் அளந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிப்பது விற்பனைக்காரர்கள் வேலை.

கேள்வி: ஈவென்ட் கேமராவை மேஜை மேல் சும்மா வைத்தாலும் திரை முழுக்கப் புள்ளி கொட்டுகிறது. பழுதா?
– வாசகர், சென்னை

பதில்: டியூப்லைட்டை அணைத்துப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பழைய சோக் போட்ட விளக்கு நொடிக்கு 100 தடவை சிமிட்டும். மலிவான எல்.இ.டி. பல்பும் அப்படித்தான். பேட்டரி டார்ச்சில் நின்றுவிட்டால் கேமரா சொன்னது உண்மை. நிற்காவிட்டால் விற்றவரைக் கூப்பிடுங்கள்.