ஹெக்கேட்டி உண்மையில் கிழவித் தெய்வமா?

கன்னி, தாய், கிழவி என்ற முத்தேவியரில் கிழவி என்பவள் கிரேக்கப் பெண் தெய்வமான ஹெக்கேட்டிதான் என்கிறார்களே, பழைய கிரேக்கர்களும் அப்படித்தான் வணங்கினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. பழைய கிரேக்கச் சிற்பங்களில் அவள் பெரும்பாலும் இளம்பெண். மூவுருவச் சிலைகளில்கூட மூன்று பேருக்கும் ஒரே வயதுதான். கன்னி-தாய்-கிழவி வரிசையைப் பரப்பியவர் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ், 1948இல். அப்புறம் பெண்ணிய ஆன்மிகக் குழுக்கள் அதை எடுத்துக்கொண்டன. வயதான பெண்ணை ஓரங்கட்டும் சமூகத்தில் முதுமைக்கு ஒரு தெய்வம் தேடியது நியாயமான ஏக்கம், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் கிரேக்கக் கதையிலேயே அருமையான ஒரு கிழவி இருக்கிறாள்: விளைச்சலின் தெய்வமான டிமீட்டர். மகள் பெர்சிபோனைப் பாதாள அரசன் கவர்ந்துபோக, ஒன்பது நாள் அலைகிறாள். பத்தாம் நாள் தீப்பந்தத்தோடு வந்து, "அவள் அலறியது கேட்டது" என்று சொல்பவள்தான் ஹெக்கேட்டி. பிறகு டிமீட்டர் கிழவியாக உருமாறி எலூசிஸ் ஊரில் கிணற்றடியில் உட்காருகிறாள். தண்ணீர் எடுக்க வந்த அரச குமாரிகள் அவளை வீட்டுக்கு அழைத்துப்போய்த் தம்பிக்குச் செவிலியாக்குகிறார்கள். சாகாவரம் தருவதற்காக அந்தக் குழந்தையை இரவுதோறும் நெருப்பில் வைத்து எடுக்கிறாள். குழந்தையின் தாய் ஒரு நாள் பார்த்து அலறிவிட, வரம் பாதியில் நின்றுபோகிறது.