கேள்வி-பதில்: சிவப்புக்கு எந்தச் சீன எழுத்து?

கேள்வி: விருந்தினர் விடுதி ஒன்றின் பெயர்ப்பலகையில் 'சிவப்பு' என்பதைச் சீனத்திலும் எழுதித் தரச் சொல்கிறார்கள். அகராதியில் ஹொங், ச்சி என இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. எதை எழுதுவது, எப்படி எழுதுவது?
– பலகை எழுதுபவர், உப்புவெளி

பதில்: ஹொங் எழுதுங்கள். சட்டை, பூ, வீதிச் சமிக்ஞை விளக்கு எல்லாவற்றின் சிவப்பையும் இன்று சீனர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சீனாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருவோருக்கு 6 கோடுகள் கொண்ட சுருக்க வடிவம் போதும். ஹொங்கொங், தாய்வான்காரர் 9 கோடுகள் கொண்ட பழைய வடிவத்தை எழுதுகிறார்கள். சுருக்க வடிவத்துக்கு ஒரு சதுரம் கீறி, அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கை இடப்பாதிக்கு விடுங்கள். பட்டுநூலைக் குறிக்கும் இடப்பாதியில் முதற்கோடு இடப்பக்கமாகச் சரிந்து இறங்கி, தூரிகையை எடுக்காமலே வலப்பக்கம் மடங்கும். இரண்டாவதும் அதே மாதிரி, அதன் கீழே. மூன்றாவது இடமிருந்து வலமாக மேல்நோக்கிச் சுண்டி ஏறும். இதை வலமிருந்து இறக்கி எழுதினால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

வலப்பாதி எளிது: மேலே சிறிய கிடைக்கோடு, நடுவில் நிலைக்கோடு, அடியில் நீண்ட கிடைக்கோடு. பலரும் பிழைவிடுவது இங்கேதான். நிலைக்கோடு மேற்கோட்டைத் தாண்டி நீண்டால் அந்தப் பகுதி 'மண்' ஆகிவிடும். அடிக்கோட்டைத் துளைத்துக் கீழே போனால் 'உலர்ந்த' என்ற வேறு எழுத்து. கண்ணாடியில் உட்பக்கமிருந்து ஒட்டுவதானால் வெட்டுமுன் பாருங்கள். வலப்பாதி இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் எழுத்து புரண்டது சட்டென்று தெரியாது. பட்டைக் குறிக்கும் பாதி வெளியே நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம் வர வேண்டும்.

கேள்வி: நிறத்தைக் குறிக்கும் எழுத்தில் பட்டு எதற்கு? ச்சிக்கும் அதே பொருள்தானே?
– மாணவி, நிலாவெளி

பதில்: ஹொங்கின் இடப்பாதி பட்டுநூல். வலப்பாதி 'வேலை' என்னும் பொருளுடைய கொங். இங்கே அது ஒலியைக் காட்ட மட்டுமே வந்திருக்கிறது; அதற்கு உள்ளர்த்தம் கற்பிக்கும் விளக்கங்களை நம்ப வேண்டாம். அதே கொங்கோடு பட்டுக்குப் பதில் பூச்சியைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் 'வானவில்'. ஒலிப்பு மறுபடியும் ஹொங். பச்சை, ஊதா நிறங்களின் எழுத்துகளிலும் பட்டு இருக்கிறது. சாயம் தோய்த்த துணியில் பார்த்த நிறங்கள் அவை.

கி.பி. 100 அளவில் சூ ஷென் தொகுத்த அகராதி ஹொங்கை 'சிவப்பும் வெள்ளையும் கலந்த பட்டு' என்கிறது. அதாவது அன்று அது இளஞ்சிவப்பு. பிற்பாடுதான் முழுச் சிவப்புக்கும் பொதுப்பெயரானது.

ச்சி அதைவிடப் பழையது. எலும்பிலும் ஆமையோட்டிலும் கீறிய எழுத்துகளில் அது மேலே 'பெரிய' (கைவிரித்து நிற்கும் ஆள்), கீழே 'தீ'. இன்று பெரும்பாலும் கூட்டுச்சொற்களில்தான் வாழ்கிறது: 'சிவப்புப் பாதை' என்றால் பூமத்தியரேகை, 'சிவப்பு எழுத்து' என்றால் கணக்கில் விழும் துண்டு. 'வெறும்' என்ற பொருளும் ஏறியிருப்பதால் 'ச்சி கால்' என்பது வெறுங்கால்; யாரும் சிவந்த கால் என்று எடுக்கமாட்டார்கள். ஜப்பானில் நிலைமை நேர்மாறு: அன்றாடச் சிவப்புக்கு இந்தத் தீ எழுத்துதான்.

கேள்வி: எங்கள் தேயிலைப் பொதியில் 'சிவப்புத் தேயிலை' என்று சீனத்தில் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது கறுப்புத் தேயிலை. மாற்றவா?
– கடைக்காரர், திருகோணமலை நகர்

பதில்: வேண்டாம், சரியாகத்தான் இருக்கிறது. ஆங்கிலேயர் இலையின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், சீனர் கோப்பைக்குள் பார்த்தார்கள். பால் விடாத நம் பிளேன்டீயின் நிறம் அவர்களுக்கு ஹொங். 'கறுப்பு' என்று திருத்தினால்தான் வம்பு: சீனத்தில் கறுப்புத் தேயிலை என்பது நுண்ணுயிர்களால் புளிக்கவைத்துப் பதப்படுத்தும் வேறொரு வகை. யுன்னானின் புவர் தேயிலையில் 'பழுத்தது' எனப்படுவது அதில் சேரும். வாங்கியவர் பொதியைத் திருப்பிக் கொண்டுவருவார்.

கேள்வி: இலங்கையின் பழைய சீனக் கல்வெட்டில் இந்த எழுத்து உண்டா?
– ஆசிரியர், சீனன்குடா

பதில்: உண்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டு திகதியிட்ட மும்மொழிக் கல் 1911இல் காலியில் கிடைத்து, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கைகளை எண்ணிச் சொல்கிறது. பொன்னிழைப் பட்டுக் கொடிகள் 4 சோடி. அவற்றில் 2 சோடி ஹொங். பட்டுக்குப் பிறந்த எழுத்து பட்டைச் சொல்லவே கல்லில் ஏறியிருக்கிறது. அதே கல்லின் தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்னும் தெய்வத்துக்குக் கொடுத்தவற்றைச் சொல்கிறது. எழுத்து நன்றாகத் தேய்ந்துவிட்டது; நேரில் போவதானால் அச்சிட்ட பாடத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். முதலாளி வீட்டுக் கலியாணத்துக்கு 'அங் பாவ்' கொடுக்க வேண்டுமாம். எப்படி?
– வாசகி, மூதூர்

பதில்: 'அங்' என்பது ஹொக்கியன் என்னும் சீனப் பேச்சுவழக்கில் இதே ஹொங்கின் உச்சரிப்பு; 'அங் பாவ்' என்றால் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறை. புதுத் தாள்களாக, இரட்டைப்படைத் தொகையாக வைத்து இரு கைகளாலும் கொடுக்கட்டும். 4 வரும் தொகை ஆகாது, அந்த எண்ணின் ஒலி சாவை நினைவூட்டும். நம்மூர் மொய்போல 1 சேர்த்து ஒற்றைப்படையாக்கவும் கூடாது. அங்கே அது இழவு வீட்டுக் கணக்கு, அதற்கு உறையும் வெள்ளை. உறையில் மணமக்கள் பெயரைச் சிவப்பு மையால் எழுதாமல் கறுப்பில் எழுதச் சொல்லுங்கள்.