தங்கச்சிக்குப் பங்கு வந்தால் இங்கிலாந்தில் உதவித்தொகை நின்றுவிடுமா?

கேள்வி: எங்கள் ஊர் தேவகோட்டைக்குப் பக்கம். அப்பச்சி (அப்பா) போன தை மாதம் தவறிவிட்டார்கள். ஐயா (தாத்தா) கட்டிய வளவு வீட்டில் (முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள செட்டிநாட்டு வீடு) எங்களுக்கு நாலில் ஒரு பங்கு, மற்ற மூன்று பங்கு பங்காளிகளுடையது. ஆத்தாவுக்கு (அம்மா) 74 வயது, அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், நானும் மனைவியும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறோம். ஆச்சி (அக்கா) மதுரையில், தங்கச்சி 20 வருடத்துக்கு மேலாக இங்கிலாந்தில் லெஸ்டரில். தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் வராமல் போய்விட்டது, அவள்தான் முழு நேரமும் பார்க்கிறாள். அதற்காக அந்த நாட்டில் கேரர்ஸ் அலவன்ஸ், யூனிவர்சல் கிரெடிட் என்று இரண்டு பணம் வருகிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் சில மணி நேர வேலையும் உண்டு. இப்போது போன் பண்ணி, "வாரிசுச் சான்றில் என் பேரைப் போடாதே அண்ணே, சொத்து இருக்குன்னு தெரிஞ்சா ரெண்டு பணத்தையும் நிறுத்திடுவாங்க, என் பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்துடுறேன்" என்று அழுகிறாள். எழுதி வாங்கிவிடலாமா? இன்னொன்று, பட்டாவில் என் பெயர் ஏறினால் என் மனைவிக்கு வரும் மகளிர் உரிமைத்தொகை போய்விடுமா?

பதில்: எழுதி வாங்க வேண்டாம். அவசரப்பட்டு இன்று எழுதினால் தங்கச்சி பங்கையும் இழப்பார், அங்கே சிக்கலிலும் மாட்டிக்கொள்வார். அவர் பயப்படுவதில் பாதி தேவையே இல்லாத பயம்.

முதலில் அவர் வாங்கும் இரண்டு பணமும் ஒன்றல்ல என்பதை அவரிடம் சொல்லுங்கள். கேரர்ஸ் அலவன்ஸ் என்பது, வாரத்துக்கு 35 மணி நேரமாவது ஒருவரைப் பராமரிப்பவருக்குத் தரும் தொகை. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்கு வாரம் 83.30 பவுண்டு. இதற்குச் சொத்து, சேமிப்பு எதையும் பார்க்க மாட்டார்கள். வீட்டில் பங்கு இருந்தாலும் சரி, நாளைக்கே அதை விற்றுக் கையில் காசு வந்தாலும் சரி, இந்தத் தொகை அப்படியே வரும். பார்ப்பது சம்பளத்தை மட்டும்தான். வரி போன்ற பிடித்தங்கள் போக வாரம் 196 பவுண்டுக்கு மேல் (இதுவும் அந்த ஆண்டின் வரம்பு) சம்பாதித்தால் அந்த வாரத் தொகை முழுவதும் போய்விடும், ஒரு பவுண்டு கூடினாலும் முழுசாகப் போகும். இப்படிக் கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்துவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய பராமரிப்பாளர்கள் அந்த நாட்டில் நிறையப் பேர். ஆக, கேரர்ஸ் அலவன்ஸ் விஷயத்தில் தங்கச்சி கவனிக்க வேண்டியது அந்தச் சமையலறைச் சம்பளச் சீட்டைத்தான், தேவகோட்டை வீட்டை அல்ல.

யூனிவர்சல் கிரெடிட் வேறு, அது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவி. அதற்குச் சொத்து மதிப்பைப் பார்ப்பார்கள், புருஷன் பெண்டாட்டி இருவருடையதையும் சேர்த்து, எந்த நாட்டில் இருந்தாலும். மொத்தம் 6,000 பவுண்டு வரை இருந்தால் ஒன்றுமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும், அல்லது அதில் ஒரு பகுதிக்கும், மாதம் 4.35 பவுண்டு குறைப்பார்கள். 16,000-ஐத் தாண்டினால் முழுவதும் நின்றுவிடும். "இந்தியாவில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். வெளிநாட்டுச் சொத்து என்பதால் கணக்கில் வராமலும் போகாது. இங்கே இந்தியாவில் பரம்பரைச் சொத்தை விற்ற பணத்தை, வரி கட்டிவிட்டு, நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இருக்கிறது. பணத்தைக் கொண்டுவரத் தடை இல்லாத நாட்டில் உள்ள சொத்துக்கு அந்த நாட்டுச் சந்தை விலையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதி.

சரி, அப்படியானால் பங்கு கணக்கில் வருமா? இப்போதைக்கு வராது! உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிதான் இங்கே முக்கியம்: ஆத்தா அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். யூனிவர்சல் கிரெடிட் விதிகளில், நெருங்கிய உறவினர் ஒருவர் அந்த நாட்டின் ஓய்வூதிய வயதை எட்டியவராகவோ உடல் முடியாதவராகவோ இருந்து, அந்த வீட்டையே தன் குடியிருப்பாக வைத்திருந்தால், வீட்டின் மதிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தாய் நெருங்கிய உறவு, அங்கே ஓய்வூதிய வயது 66-க்கும் 67-க்கும் இடையில், ஆத்தாவுக்கு 74. அதனால் ஆத்தா அங்கே வாழும் வரை தங்கச்சியின் பங்குக்கு அவர்கள் ஏட்டில் மதிப்பு பூஜ்யம். நம் வளவு வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்து, படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிறார்கள், அந்த மாதிரி வீடு என்றால் இந்த விலக்கு கிடைக்காது. உங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதற்கு ஆதாரமாக ஆத்தாவின் ஆதார் முகவரி, ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது எல்லாம் எடுத்து அனுப்பி வையுங்கள்.

ஆத்தா காலத்துக்குப் பிறகு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல மனசு வராவிட்டாலும். வீடு முழுவதும் 1 கோடியே 20 லட்சம் பெறும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 30 லட்சம், பிள்ளைகள் மூவருக்கும் சமமாகப் பிரிந்தால் தங்கச்சிக்கு 10 லட்சம். பவுண்டுக்கு 115 ரூபாய் என்று போட்டால் சுமார் 8,700 பவுண்டு. விற்கும் செலவுக்கு என்று 10 சதவீதம் கழிப்பார்கள், மிச்சம் சுமார் 7,830. வங்கியில் அவர்களுக்கு 3,000 பவுண்டு சேமிப்பு இருந்தால் மொத்தம் 10,830. அப்போது மாதம் 87 பவுண்டு குறையும். வருத்தம்தான், ஆனால் முழுவதும் நின்றுவிடாது.

அதுவும்கூட அதிகக் கணக்கு. பார்க்க வேண்டியது முழு வீட்டின் விலையைப் பன்னிரண்டால் வகுத்து வரும் தொகையை அல்ல, அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் இன்று ஒருவர் என்ன விலைக்கு வாங்குவார் என்பதை. பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் பட்டாலை (வீட்டுக் கூடம்) தூணைக்கூட அசைக்க முடியாத வீட்டில், தனியாக ஒரு பங்கை வெளியாள் வாங்க வருவது அபூர்வம், வந்தாலும் அடிமாட்டு விலைதான் கேட்பார். அதனால் அரசு வழிகாட்டி மதிப்பை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் "பிரிக்கப்படாத இந்தப் பங்கின் சந்தை மதிப்பு" என்று கேட்டு எழுதி வாங்குங்கள், பங்காளிகள் விற்கச் சம்மதிக்கவில்லை என்றால் அதையும் ஒரு கடிதமாக வாங்கிச் சேருங்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டு விற்க இறங்கினால், விற்க முயற்சி தொடங்கியதிலிருந்து 6 மாதம் வரை மதிப்பைச் சேர்க்க மாட்டார்கள், நியாயமான காரணம் இருந்தால் இன்னும் நீட்டிப்பார்கள். பங்காளிகளில் ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் மலேசியா என்றிருக்கும் நம் வீடுகளில் இந்த நீட்டிப்பு கட்டாயம் தேவைப்படும்.

இப்போது விடுதலைப் பத்திரத்துக்கு வருகிறேன். அந்த நாட்டு விதியில், உதவித்தொகை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் சொத்தை விட்டுக்கொடுத்தால், அது இன்னும் அவரிடம் இருப்பதாகவே வைத்துக் கணக்குப் போடுவார்கள். தங்கச்சி வாயாலேயே "பணத்தை நிறுத்திடுவாங்க, அதனால எழுதித் தந்துடுறேன்" என்று சொல்லிவிட்டார். அதாவது பங்கும் போகும், குறைப்பும் வரலாம். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு நினைத்தபடி ரத்து செய்யவும் முடியாது.

வாரிசுச் சான்றில் பெயரை விடுவது இன்னும் மோசம். மகள் இருக்கும்போது இல்லாததுபோல் விண்ணப்பிப்பது பொய் வாக்குமூலம். விட்டாலும் பங்கு மறையாது, ஏனென்றால் பங்கு சான்றிதழால் வருவதல்ல, உயில் இல்லாதபோது அப்பச்சி கண் மூடிய நாளிலேயே சட்டப்படி வந்துவிட்டது. நம் பக்கம் பெண்ணுக்குச் சீர் செய்தோம், முறை செய்தோம், அத்தோடு முடிந்தது என்று இன்னும் பேசுகிறோம். சட்டம் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்தார்கள், 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பாலேயே மகளுக்கு அந்த உரிமை உண்டு என்று உறுதி செய்தது. பூர்வீகச் சொத்து என்றால் பங்குக் கணக்கு நான் மேலே போட்டதிலிருந்து சற்று மாறும், ஊர் வக்கீல் ஒருவரிடம் மூலப் பத்திரத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

தங்கச்சி செய்ய வேண்டியது ஒன்றுதான்: யூனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கில், "அப்பா இறந்துவிட்டார், இந்தியாவில் ஒரு வீட்டில் எனக்குப் பிரிக்கப்படாத பங்கு வந்திருக்கிறது, 74 வயதான என் தாய் அதில் வசிக்கிறார்" என்று அவரே எழுதிவிட வேண்டும். ஆத்தா அங்கே வசிப்பதை மறக்காமல் குறிப்பிடச் சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் விலக்கு. இரண்டு வருடம் கழித்து அவர்களாகக் கண்டுபிடித்தால், கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள், அபராதமும் போடலாம். எழுதும் முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்திலோ கேரர்ஸ் யுகே உதவி எண்ணிலோ பேசட்டும், இரண்டும் இலவசம்.

உங்கள் மனைவியின் உரிமைத்தொகைக்குச் சுருக்கமாக: 2023-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது வைத்த நிபந்தனைகளில் நிலம் இருக்கிறது, வீட்டுப் பங்கு இல்லை. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது என்பவைதான் முக்கியமானவை. வீட்டுப் பட்டாவில் உங்கள் பெயர் ஏறுவதால் மட்டும் அது நிற்காது. அப்பச்சி பெயரில் வயல் ஏதாவது இருந்து அதுவும் உங்களுக்கு வருகிறதென்றால் ஏக்கர் கணக்கை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய வீட்டுக்கு ஒரே மின் இணைப்பு என்றால் யூனிட் கணக்கையும் பாருங்கள், பங்காளிகள் வந்து தங்கும் மாதங்களில் அது எகிறும்.